நெதர்லாந்தின் லிஸ் பேனல்: கேள்விக்குப் பழகியவர்களின் தரவு பற்றி ஒரு பயனரின் மதிப்புரை

நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்துப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் சென்டர்டேட்டா ஆய்வு நிறுவனம், 'லிஸ்' என்ற பெயரில் ஒரு பேனலை 2007 அக்டோபர் முதல் நடத்தி வருகிறது. ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, மாதாமாதம் இணையவழியாகக் கேள்வி கேட்டு, வந்த பதில்களைப் பெயர் நீக்கித் தன் தரவுக் கிடங்கில் வைக்கிறது. ஆய்வுக்காகக் கேட்போர் ஓர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டு அவற்றைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம். முதுகலை மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கும் நான், ஆறு ஆண்டுகளாக இந்தக் கிடங்கை வகுப்பிலும் என் சொந்த வேலையிலும் பயன்படுத்துகிறேன். இந்த மதிப்புரையில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: ஒரே மனிதரிடம் திரும்பத் திரும்பக் கேட்டால், கேட்டதே அவரை மாற்றிவிடாதா? மாற்றிவிட்டால், அதைக் கண்டுபிடிக்க இந்தச் சேவை நமக்கு எவ்வளவு இடம் தருகிறது?

பேனலின் அடித்தளம் உறுதியானது. விளம்பரம் பார்த்து யாரும் தாமாக இதில் சேர்ந்துவிட முடியாது. நெதர்லாந்துப் புள்ளிவிவர அலுவலகத்தின் துணையோடு 10,150 முகவரிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கடிதம் அனுப்பி, தொலைபேசியில் அழைத்து, பிடிபடாதவர்களை நேரில் போய்ப் பார்த்து, ஏறக்குறையப் பாதிக் குடும்பங்களைச் சேர்த்தார்கள். அழைப்புக் கடிதத்தோடு 10 யூரோவை முன்கூட்டியே வைத்து அனுப்பினால், பிறகு தருவதாகச் சொல்வதைவிடச் சேர்வோர் கூடுகிறார்கள் என்பதையும் அப்போதே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கணினியோ இணைய இணைப்போ இல்லாத வீட்டுக்கு, முதியவர்களும் கையாளத்தக்க 'சிம்பிசி' என்ற எளிய கருவியும் இணைப்பும் கொடுத்தார்கள். இப்படிச் சேர்ந்தவை ஏறத்தாழ 5,000 குடும்பங்கள். அவற்றில் 16 வயது நிரம்பியோர் மட்டும் பதிலளிக்கிறார்கள். மாதத்துக்கு 15 முதல் 30 நிமிடம் வரை வேலை; முடித்த வினாத்தாளுக்கு, மணிக்கு 15 யூரோ என்ற கணக்கில் தொகை.

கோப்புகளின் ஒழுங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நன்றாக இருக்கிறது. உடல்நலம், குடும்பம், வேலையும் படிப்பும், அரசியலும் விழுமியங்களும், ஆளுமை, வருமானம், சொத்து, வீடு என்று பத்து மையப் பகுதிகள் ஆண்டுதோறும் (சொத்துப் பகுதி மட்டும் ஈராண்டுக்கு ஒருமுறை) திரும்ப வருகின்றன. மாறிகளின், அதாவது கோப்பில் ஒவ்வொரு கேள்வியின் பதிலையும் தாங்கும் நெடுவரிசைகளின், பெயரிலேயே பகுதி, ஆண்டு, சுற்று, கேள்வி எண் நான்கும் அடங்கியிருக்கின்றன. உடல்நலப் பகுதியின் முதல் சுற்று 'சிஹெச்07ஏ' என்று தொடங்கும்; அதன் பின்னால் வரும் மூன்றிலக்கக் கேள்வி எண் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அப்படியே இருக்கும். பத்தாண்டுப் பதில்களை ஒருவருக்கு நேராக அடுக்குவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். வேறு நாட்டுக் கிடங்குகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். புள்ளியியலார் 'பேனல் கண்டிஷனிங்' என்று சொல்வதைக் கேள்விக்குப் பழகிப்போதல் எனலாம். வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் நான் ஒரு தனியார் நிறுவனத்துக்காகத் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுச் செலவுக் கணக்கெடுப்புக்குப் போனேன். முதல் முறை எண்ணெய்க்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு என்று கேட்டபோது உத்தேசமாகச் சொன்ன ஓர் அம்மா, நான்காம் முறை போனபோது ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்து நீட்டினார். "நீங்க வந்து கேப்பீங்கன்னு அன்னன்னைக்கே எழுதி வச்சுட்டேன் தம்பி. எழுதிப் பாத்தப்பறம்தான் தெரியுது, டீத்தூளுக்கே இவ்வளவு போகுதுன்னு" என்றார். அந்த மாதம் அவர் வீட்டு டீத்தூள் செலவு குறைந்திருந்தது. கணக்குத் துல்லியமானது ஒரு மாற்றம். செலவே குறைந்தது இன்னொரு மாற்றம். என் படிவத்திலோ இரண்டும் சேர்ந்து ஒரே எண்ணாகத்தான் ஏறின.

இந்தத் துறையின் சிக்கல் முழுவதும் அந்த நோட்டில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. பதில் சொல்லும் விதம் மாறுவது வேறு, பதிலுக்குப் பொருளான வாழ்க்கையே மாறுவது வேறு. முதலாவது நல்ல திசையிலும் போகலாம். ரசீதைத் தேடி எடுத்து வைப்பார்கள், கேள்வியின் பொருள் பிடிபடும், கேட்பவர்மீது நம்பிக்கை வரும். கெட்ட திசையிலும் போகலாம். 'ஆம்' என்று சொன்னால் அதன் வாலாக இன்னும் எட்டுக் கேள்விகள் வரும் என்பதை ஒருமுறை அனுபவித்தவர், அடுத்த முறை 'இல்லை' என்று சொல்லித் தப்பிக்கக் கற்றுக்கொள்வார். ஆய்வாளர் அதைப் பார்த்து, நோயோ கடனோ குறைந்துவிட்டதாக எழுதிவிடுவார்.

வாழ்க்கையே மாறும் இரண்டாம் வகைக்கு, நான் அறிந்த சான்றுகளில் மிக வலுவானவற்றுள் ஒன்று லிஸ் பேனலிலிருந்தே வந்தது. தாமஸ் கிராஸ்லி, யோஹெம் டி பிரெஸர், லியம் டிலேனி, யோவாகிம் வின்டர் ஆகிய நால்வரும் 2017இல் இகனாமிக் ஜர்னல் இதழில் வெளியிட்ட ஆய்வு அது. பேனலில் எந்த வினாத்தாள் யாருக்குப் போக வேண்டும் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டிருந்ததால், ஓய்வுக்காலத்தில் எவ்வளவு செலவாகும், எவ்வளவு தேவைப்படும் என்ற விரிவான கேள்விகள் சில குடும்பங்களுக்குப் போயின, சில குடும்பங்களுக்குப் போகவில்லை. வேறு எந்த வித்தியாசமும் அவர்களுக்குள் திட்டமிட்டு உண்டாக்கப்படவில்லை. பிறகு அந்தக் குடும்பங்களின் சேமிப்பை அவர்கள் வாயால் கேட்டு அறியாமல், அரசு நிர்வாகப் பதிவுகளில் உள்ள சொத்து விவரத்தோடு இணைத்துப் பார்த்தார்கள். கேள்விக்குப் பதில் சொன்ன குடும்பங்களில், வீடு நீங்கலான சேமிப்பு விகிதம் 3.5 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது.

இந்த முடிவை முதன்முறை படித்தபோது, கூடியிருக்கும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். முதுமையைப் பற்றி நினைவூட்டினால் மனிதர் உண்டியலைத் தேடுவார் என்பது நம் பொதுப்புத்தி. ஆனால் அரசு ஓய்வூதியமும் பணியிட ஓய்வூதியமும் பரவலாக உள்ள ஒரு நாட்டில், உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவருக்கு, அப்போது குடியிருப்புக்கான செலவு இவ்வளவு இருக்காதே என்று தோன்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் ஒன்று. விளக்கம் எதுவானாலும், இங்கே மாறியது பதில் அன்று, பணம். பதிவேட்டில் மாறிய பணத்தை, ஞாபகப் பிழை என்றோ சலிப்பில் சொன்ன பதில் என்றோ தள்ளிவிட முடியாது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பங்களின் சேமிப்பை நெதர்லாந்து மக்களின் சேமிப்பாக எடுத்து எழுதுபவர், தன் சொந்தக் கேள்வியின் நிழலையும் சேர்த்தே அளக்கிறார்.

இது டச்சுக்காரர்களுக்கு மட்டும் உரிய விசித்திரமும் அன்று. 2011இல் வெளியான ஒரு கூட்டாய்வில், கென்யாவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுப்போக்குப் பற்றிக் கேட்கப்பட்ட வீடுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்கப்பட்ட வீடுகளைவிடக் குடிநீரில் குளோரின் கலப்பதை அதிகம் கடைப்பிடித்தன. அந்த வீடுகள் நீரெடுக்கும் ஊற்றைச் சீரமைத்ததால் வந்த பலனை அளக்கப் போனவர்களின் மதிப்பீட்டையே அது குழப்பிவிட்டது. அதே கூட்டாய்வில் குறுங்கடன் பற்றிய இரண்டு ஆய்வுகளில், கேட்கப்பட்டதால் கடன் வாங்குவது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறந்து கிடக்கும் விஷயத்தைக் கேள்வி தட்டி எழுப்புகிறது என்றும், ஏற்கெனவே அன்றாடம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் அதற்கு வேலை இல்லை என்றும் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கடன் வேண்டியிருப்பவருக்கு அதை யாரும் நினைவூட்டத் தேவையில்லை அல்லவா?

லிஸ் பேனலுக்கு மூத்ததாக, 1991 முதல் டில்பர்கில் இயங்கிய சென்டர்பேனல் என்ற இன்னொரு பேனல் உண்டு. வேரா டூப்பூல், மார்செல் தாஸ், ஆர்தர் வான் சூஸ்ட் ஆகியோர், பல ஆண்டு பழகிய பேனலினரையும் புதிதாகச் சேர்ந்தவர்களையும் ஒரே கேள்விகளால் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மனப்பாங்கு, கருத்து ஆகியவற்றைக் கேட்கும் இடங்களில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அறிவைச் சோதிக்கும் கேள்விகளில்தான் பழக்கத்தின் தடம் தெளிவாக இருந்தது. ஒரு பொருளைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று கேட்டு விட்டுவிட்டால், தெரியாதவர் அன்று மாலையே தேடிப் படித்துவிடுவார். மறுமுறை கேட்கும்போது அவருக்குத் தெரிந்திருக்கும். இதை நான் மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: லிஸ் தரவில் 'விழிப்புணர்வு கூடியிருக்கிறது' என்று எழுதத் தோன்றினால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அதே கேள்வி முன்பு எத்தனை முறை கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இந்தச் சேவையில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம், பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒன்று. ஒவ்வொரு வினாத்தாளின் முடிவிலும் ஐந்து சிறு கேள்விகள் வருகின்றன. பதில் சொல்வது கடினமாக இருந்ததா, கேள்விகள் தெளிவாக இருந்தனவா, இவை உங்களைச் சிந்திக்க வைத்தனவா, பொருள் சுவையாக இருந்ததா, பதில் சொல்வதில் மகிழ்ச்சி இருந்ததா என்று ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கவனியுங்கள். கேள்விக்குப் பழகிப்போதல் எந்த வழியாக நடக்கிறது என்று கோட்பாட்டாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்களோ, அந்த வழியில் ஒரு காவல்சாவடி வைத்து, 'இப்போது உம்மைத் தொட்டுவிட்டோமா?' என்று உடனுக்குடன் கேட்டு எழுதிவைத்திருக்கிறார்கள். தம் கருவியின் பக்கவிளைவை அந்தக் கருவியாலேயே கேட்பது போதுமான அளவையாகாது என்பது சரிதான். சிந்திக்க வைத்தது என்று சொல்வதும் ஒரு மரியாதைப் பதிலாக இருக்கலாம். ஆயினும் எந்தப் பகுதி மக்களை அசைக்கிறது, எது அசைக்காமல் போகிறது என்ற முதல் வரைபடத்தை இந்த ஒரு மாறி தந்துவிடும். சொத்து, ஓய்வூதியம் போன்ற பகுதிகளைத் திறக்கும் முன் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அதோடு, வினாத்தாளைத் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் கோப்பில் பதிவாகியிருக்கின்றன. தொகை வினாத்தாளுக்குத்தான், ஒருவர் உண்மையில் செலவிட்ட நேரத்துக்கு அன்று என்பதால், வேகமாக முடிப்பவருக்கு இழப்பில்லை. ஆகவே பழகியவர் விரைந்து முடிப்பதைத் திறமை என்று கொள்வதா, அக்கறை தேய்ந்தது என்று கொள்வதா என்ற சந்தேகம் எப்போதும் நிற்கும். நேரப் பதிவைத் தனியே பார்த்தால் விடை கிடைக்காது. 'தெரியாது' என்ற பதில்களையும், அட்டவணைக் கேள்விகளில் ஒரே எண்ணை வரிசையாகக் குத்திச் செல்வதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் சமூக மனப்பாங்கு ஆய்வின் 1983–86 பேனலில், சுற்றுகள் ஏற ஏற 'தெரியாது' குறைந்தது என்று ஜெனிஃபர் வாட்டர்டனும் டெனிஸ் லீவ்ஸ்லியும் 1989இல் காட்டினார்கள். அது பழகுவதன் நல்ல முகம். வேகம் கூடி, 'தெரியாது' குறைந்து, குத்துவரிசை கூடாமலும் இருந்தால் நான் நிம்மதியாக மேலே போவேன்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை இந்தப் பேனலுக்கு மட்டும் உரியதன்று, ஆனால் இங்கேயும் தீரவில்லை: பழகியதால் மாறியதையும், விலகியவர்கள் போனதால் மாறியதையும் பிரிப்பது கடினம். சலித்தவர், வேலைமிக்கவர், வீடு மாறியவர் உதிர்ந்துகொண்டே இருப்பார்கள். எஞ்சியவர்களைப் பார்த்து, பேனல் மக்களை இப்படி ஆக்கியது என்று சொன்னால், இப்படிப்பட்டவர்கள்தாம் எஞ்சினார்கள் என்று எதிர்வாதம் வரும். எனக்கு இதில் சொந்தப் பாடமே உண்டு. முதல் ஆண்டில் நான் அரசியல் பகுதியின் சில சுற்றுகளை அடுக்கி, நம்பிக்கை பற்றிய ஒரு கோட்டை வரைந்து, அதற்கு அரசியல் காரணங்களும் எழுதிவிட்டேன். யார் எந்தச் சேர்ப்பில் வந்தவர் என்பதைப் பிரிக்கவே இல்லை. வாசித்துப் பார்த்த நண்பர் ஒருவர், இந்தக் கோட்டின் இடது முனையில் இருப்பவர்களும் வலது முனையில் இருப்பவர்களும் ஒரே கூட்டமா என்று கேட்டார். அந்தக் கட்டுரை இன்னும் என் இழுப்பறையில்தான் இருக்கிறது.

பிரிப்பதற்கு வேண்டிய பொருள் கிடங்கில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2009 தொடங்கி, உதிர்ந்த இடத்தை நிரப்ப அவ்வப்போது புதுக் குடும்பங்களைச் சேர்த்திருக்கிறார்கள். மாதாந்தரப் பின்னணிக் கோப்புகளில் ஒருவர் எப்போது முதன்முதலாகத் தோன்றுகிறார் என்று பார்த்து, பழையவரையும் புதியவரையும் ஒரே ஆண்டில், ஒரே கேள்வியில், வயதும் கல்வியும் ஒத்துவரும்படி எதிரெதிரே நிறுத்தலாம். ஆனால் புதுச் சேர்க்கை ஆண்டுதோறும் ஒரே அளவில் நடப்பதில்லை; நீங்கள் ஆராய விரும்பும் ஆண்டில் புதியவர்கள் போதிய எண்ணிக்கையில் இல்லாமல் போகலாம். ஒருவர் அதுவரை மொத்தம் எத்தனை வினாத்தாள்களை நிரப்பியிருக்கிறார் என்பதைத் தனித்தனிக் கோப்புகளிலிருந்து கூட்டிக்கொள்ள வேண்டும். அதை ஒரே மாறியாகத் தந்தால் பாதிப் பயனர்கள் இந்தப் பிரச்சினையைத் தாமே கவனிப்பார்கள் என்பது என் எண்ணம்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் நடப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேறு வழியில் போகிறது. வேலையின்மை விகிதத்தைத் தரும் அந்தக் கணக்கெடுப்பில், ஒரு வீட்டை நான்கு மாதம் தொடர்ந்து கேட்டு, எட்டு மாதம் விட்டு, மறுபடி நான்கு மாதம் கேட்டு அனுப்பிவிடுவார்கள். எந்த மாதத்தை எடுத்தாலும் முதல்முறை கேட்கப்படுபவர் முதல் எட்டாம் முறை கேட்கப்படுபவர் வரை எட்டுக் குழுவும் அருகருகே இருக்கும். இதனால்தான் பார்பரா பெய்லர் 1975இலேயே, முதல்முறை கேட்கப்படும் குழுவில் வேலையின்மை கூடுதலாகத் தெரிகிறது என்று காட்ட முடிந்தது. 2014இன் முதல் ஆறு மாதங்களில் முதல்முறைக் குழுவில் அது 7.5 சதவீதமாகவும் கடைசிக் குழுவில் 6.1 சதவீதமாகவும் இருந்தது என்ற ஆலன் குரூகர் குழுவினரின் கணக்கு பத்திரிகைகளிலும் அடிபட்டது. எது உண்மையான விகிதம் என்பதை அந்த அமைப்பும் சொல்லிவிடாது. ஆனால் ஓட்டை எங்கே, எவ்வளவு என்பது மாதாமாதம் கண்ணுக்குத் தெரியும். லிஸ் பேனலின் ஆழம் அதற்குக் கிடையாது, அதன் ஒழுங்கான சுழற்சி லிஸ் பேனலுக்குக் கிடையாது.

பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் 1940 அமெரிக்கத் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்து ஈரி மாவட்டத்தில் 600 பேரை மாதந்தோறும் சந்தித்தபோதே, தலா 600 பேர் கொண்ட மூன்று குழுக்களை ஒதுக்கி வைத்து, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் மறுபடி கேட்டு ஒப்பிட்டார்கள். கேள்வியே ஆளை மாற்றுமோ என்ற கவலை இந்த முறையோடு சேர்ந்தே பிறந்தது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தொட்டு, மற்ற மாதங்களில் விட்டுவைக்கும் ஒரு சிறு குழுவை லிஸ் பேனலிலும் நிரந்தரமாக வைத்தால் நன்று. செலவுதான் தடையாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வினாத்தாள்கள் டச்சு மொழியில் நடப்பவை. ஆங்கில மொழிபெயர்ப்பு உடன் கிடைத்தாலும், சொல்லின் நுண்பொருளை நம்பி வாதாடுபவர்கள் மூலத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. மொழி தெரியாத குடியேறிகள் இதில் குறைவு. குடியேறிகளுக்கென 2010 முதல் 2014 வரை தனிப் பேனல் ஒன்று நடந்தது, அதன் கோப்புகள் கிடைக்கின்றன. சிறு சமூகங்களைத் தனியே பிரித்தால் எண்ணிக்கை கரைந்துவிடும். ஓய்வுக்கால ஆய்வில் நடந்ததுபோல் அரசுப் பதிவுகளோடு இணைத்துப் பார்ப்பது, புள்ளிவிவர அலுவலகத்தின் பாதுகாக்கப்பட்ட சூழலுக்குள், தனி அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை. தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாலையில் முடிக்கக் கூடியது அன்று.

ஆகவே, ஆளுமை, குடும்பம், மதம், மனப்பாங்கு ஆகியவற்றில் ஒரே மனிதரின் பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தொடர விரும்புவோர்க்கு இந்தக் கிடங்கைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். சேமிப்பு, ஓய்வூதியம், நோய்த்தடுப்பு, பொது அறிவு ஆகியவற்றில் மக்கள்தொகை முழுவதற்குமான அளவு வேண்டுவோர், புதுச் சேர்க்கையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஓர் எண்ணையும் வெளியிட வேண்டாம். கேள்விக்குப் பழகிப்போவதையே ஆராய விரும்புவோர்க்கு, சுழற்சி ஒழுங்கு இல்லாத குறையையும் மீறி, கட்டணமின்றிக் கிடைப்பவற்றுள் இதைவிடச் செழிப்பான தரவை நான் பயன்படுத்தியதில்லை. தொடங்குவதற்கு உடல்நலப் பகுதியின் முதல் இரண்டு சுற்றுகளையும் 2009 புதுச் சேர்க்கைக்குப் பிந்தைய ஒரு சுற்றையும் இறக்கி, ஐந்து முடிவுக் கேள்விகளையும் நேரப் பதிவையும் முதலில் அட்டவணையாக்குங்கள். உள்ளடக்கத்தை அதற்குப் பிறகு திறக்கலாம்.